61 பேரின் கைரேகை பீரோவில் இருக்கிறது, இதை எங்கே கொடுப்பது?

ஆபீஸ்_அக்கா · 2025 மார்ச் 11, இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். ஊத்தங்கரை பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறேன். பள்ளியின் பேரைக் கேட்காதீர்கள், வேலை போய்விடும்.

பள்ளியில் வேலை செய்கிற எல்லாருக்கும் போலீஸ் வெரிபிகேஷன் கட்டாயம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். டீச்சர், டிரைவர், ஆயா, வாட்ச்மேன் யாரையும் விடக்கூடாது. எங்கள் சம்பளப் பதிவேட்டில் 61 பேர். அந்த வேலை என் தலையில் விழுந்தது. சரி என்று ஆதார் நகல், போட்டோ எல்லாம் வாங்க ஆரம்பித்தேன்.

போன வாரம் தாளாளர் கூப்பிட்டார். அவர் மகள் கலிபோர்னியாவில் இருக்கிறார். அங்கே பள்ளியில் பெருக்குகிறவரைக்கூட பத்து விரல் ரேகையும் எடுத்த பிறகுதான் உள்ளே விடுவார்களாம். "நாமும் எடுப்போம், அட்மிஷன் நோட்டீஸில் போடலாம்" என்றார். ஸ்டாம்ப் பேடு இரண்டு வாங்கி வந்தேன். ஆளுக்கு ஒரு ஏ4 தாள், மேலே வலது கை, கீழே இடது கை. மூன்று நாளாக ஸ்டாஃப் ரூமில் இதே வேலை. கை துடைக்கத் தேங்காய் எண்ணெய், பழைய வேட்டித் துணி எல்லாம் நான் கொண்டுபோனதுதான். பிசிக்ஸ் சார் ஒருத்தர், "பத்திர ஆபீஸில்கூட ஒரு விரல்தானே மேடம் கேப்பாங்க" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வைத்தார்.

பிரச்சினை எங்கள் எல்.கே.ஜி. ஆயாவிடம் வந்தது. காலையும் சாயங்காலமும் வீட்டில் புளி உடைப்பார். இப்போது சீசன் வேறு. அவர் வைத்த பத்தும் பத்துப் புளியங்கொட்டை மாதிரி மொத்தையாக விழுந்தன, உள்ளே ஒரு கோடு கிடையாது. மூன்று தாள் மாற்றினேன், அதேதான். "ரேஷன் கடையிலயும் எனக்கு விழாதுங்க மேடம், கண்ணைத்தான் காட்டுவேன்" என்று சிரிக்கிறார்.

இப்போது 61 தாளும் பீரோவில் இருக்கிறது. இதை ஸ்டேஷனில் கொடுப்பதா, கிருஷ்ணகிரி எஸ்.பி. ஆபீஸுக்குக் கொண்டுபோவதா? ஆயாவுக்கு என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரெண்டு_பிள்ளை_அப்பா · மார்ச் 11, இரவு 10.15

உங்கள் தாளாளர் விளம்பரத்துக்காகவே செய்தாலும் நல்ல காரியம்தான் அக்கா. நான் காரிமங்கலம். பெண் ஏழாவது, பையன் மூணாவது. 2024 ஆகஸ்டில் பர்கூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்திப் பெண் பிள்ளைகளிடம் தவறாக நடந்துகொண்ட கதை நாடு முழுக்க நாறியது. அதன் பிறகு என் வீட்டில் எந்தக் கேம்ப்புக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. ரேகை எடுங்கள், ரத்தம்கூட எடுங்கள். நல்லவனுக்கு என்ன பயம்?

---

ஓய்வு_ரேகை · மார்ச் 12, காலை 6.05

தங்கச்சி, அந்தத் தாள்களை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம். கொண்டுபோனால் ரைட்டர் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்.

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து விரல்ரேகைப் பிரிவில் இருந்தவன் நான். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒன்று, ஸ்டாம்ப் பேடு மை எதற்கும் உதவாது. அது தாளில் ஊறிப் பரவும், வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்கள் மை அச்சகத்து மை மாதிரி கெட்டியானது. கண்ணாடியிலோ தகட்டிலோ ரோலரால் மெல்லிசாக இழுத்து, விரலை நகக்கண் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டி எடுப்போம். விரலை அழுத்தி வைத்தால் நடு மட்டும்தான் விழும். நீங்கள் எடுத்த 61இல் தேறுவது பத்துகூட இருக்காது.

இரண்டு, நல்லாவே எடுத்திருந்தாலும் ஒப்பிட எதில் போடுவது? போலீஸ் கையில் இருக்கிற ரேகைகள் கைதானவர்கள், தண்டனை பெற்றவர்களுடையது. முதலில் 1920ஆம் வருடச் சட்டம் இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் வந்தது, பதிவுகளை 75 வருடம் வைத்திருக்கலாம் என்று. அதே வருடம் நாட்டுக்கே பொதுவான கணினி ரேகைத் தொகுப்பும் வந்தது. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கிற ரேகையையும் பிடிபட்டவன் ரேகையையும் அதில் போட்டுத் தேடுவோம். வேலைக்குச் சேருகிற டீச்சரின் ரேகையை வாங்கித் தேடிக்கொடுக்கிற ஏற்பாடு நம் ஊர் ஸ்டேஷனில் கிடையாது.

மூன்று, யாராவது "ஆதாரில்தான் எல்லார் ரேகையும் இருக்கிறதே" என்று கேட்பார்கள், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆதார் சட்டப்படி அந்த ரேகையை யாரோடும் பகிரக்கூடாது. போலீஸுக்கும் கிடையாது.

உங்களுக்கு வேண்டியது காவல்துறை இணையதளத்தில் இருக்கிற சரிபார்ப்பு சேவைதான். ஆதார், போட்டோ, முகவரி ஏற்றிப் பணம் கட்டினால் பேரையும் முகவரியையும் வைத்து வழக்குப் பதிவுகளில் தேடுவார்கள், உள்ளூர் ஸ்டேஷனில் விசாரிப்பார்கள். அறிக்கை ஆன்லைனிலேயே வரும். ரேகைக்கு அதில் வேலையே இல்லை.

உங்கள் ஆயாவை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. புளியின் புளிப்பும் ஓட்டின் உரசலும் சேர்ந்து மேல்தோல் தேய்ந்திருக்கும். ரேகையின் அச்சு அடித்தோலில் இருப்பதால் வேலையை நிறுத்திச் சில வாரம் விட்டால் திரும்ப வந்துவிடும். பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடுகிறவர்கள், பட்டு நூல் எடுப்பதற்கு வெந்நீரில் கை வைக்கிறவர்கள், சிமெண்ட் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். ஒரு கொத்தனாருக்கு ரேகை எடுக்க நான் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். இந்த ரேகைக் கலை வெள்ளைக்காரன் கொடுத்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 1897இல் கல்கத்தாவில் ரேகைக் கூடம் ஆரம்பித்தபோது வகை பிரிக்கிற கணக்கைப் போட்டது அஜிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற நம் நாட்டு இருவர். 1,024 புறாக்கூண்டு மாதிரி அறைகளில் பிரித்து வைக்கிற முறை அது. அதிகாரியாக இருந்த ஹென்றியின் பேர்தான் நின்றது.

---

நடுகல் · மார்ச் 12, காலை 8.30

அரசுப் பள்ளி ஆசிரியர் நான், அரூர் பக்கம். ரேகையா? அதைத்தான் வருகைக்காக மிஷினில் வைத்துப் பார்த்தோமே. கொரோனாவில் நிறுத்தினார்கள். அப்போதும் பாதி நாள் நெட் இல்லாமல் கையெழுத்துதான்.

@ரெண்டு_பிள்ளை_அப்பா, "நல்லவனுக்கு என்ன பயம்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். ஒருத்தன் செய்ததற்கு 61 பேர் கை மையாகிறது. நாங்கள் பணியில் சேரும்போதே போலீஸ் விசாரணை நடந்துதான் சேர்ந்தோம். ஊருக்கே வந்து டீக்கடையில் விசாரித்துவிட்டுப் போனார்கள், எங்க அப்பா மூன்று நாள் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

---

ரெண்டு_பிள்ளை_அப்பா · மார்ச் 12, காலை 8.52

சார், நீங்கள் சேர்ந்து எத்தனை வருடம்?

---

நடுகல் · மார்ச் 12, காலை 9.10

22.

---

ரெண்டு_பிள்ளை_அப்பா · மார்ச் 12, காலை 9.14

அந்த 22 வருடத்தில் மறுபடி யாராவது பார்த்தார்களா? உங்களைச் சொல்லவில்லை சார், பொதுவாகக் கேட்கிறேன்.

---

நடுகல் · மார்ச் 12, பகல் 1.20

பார்க்கவில்லை. மதிய இடைவேளையில் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2020இல் வந்த போக்சோ விதிகளில் இருக்கிறது. பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் என்று பிள்ளைகள் வருகிற எந்த இடமாக இருந்தாலும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, பாடம் நடத்துகிறவரோ இல்லையோ, எல்லா ஊழியருக்கும் *குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை* போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும். ஐந்து வருடமாகப் புத்தகத்தில் தூங்கியிருக்கிறது. இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரிதான்.

ஆனால் ரேகை என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை.

---

பாலக்கோட்டுப்_பொண்ணு · மார்ச் 12, இரவு 11.38

அக்கா, உங்கள் தாளாளர் மகள் சொன்னது உண்மைதான். நான் அதே கலிபோர்னியாவில்தான், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். போன வருடம் ஒரு தொடக்கப்பள்ளியில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. மூன்று மணி நேர வேலை, அவ்வளவுதான். அதற்கே ரேகை.

எப்படி என்றால், பள்ளி மாவட்ட அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு 'லைவ் ஸ்கேன்' என்று போர்டு போட்ட கடைக்குப் போக வேண்டும். நான் போன இடம் கூரியர் அனுப்புகிற கடை, ஒரு மூலையில் மிஷின். மை கிடையாது, கண்ணாடி. முதலில் ஒரு கையின் நான்கு விரல் சேர்த்து, அப்புறம் அடுத்த கை நான்கு, இரண்டு கட்டைவிரல், கடைசியில் ஒவ்வொன்றாக உருட்டி. அந்தப் பையன் என் விரலைப் பிடித்து உருட்டும்போது, "கையைத் தளர்த்துங்க, நீங்க உதவி பண்ணாதீங்க" என்று நாலு தடவை சொன்னான். மாநில நீதித்துறைக்கு 32 டாலர், எஃப்.பி.ஐ.க்கு 17 டாலர், கடைக்காரர் கூலி தனி.

பத்து நாள் கழித்து மெயில் வந்தது, ரேகை தெளிவில்லை, மறுபடி வா என்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை வறண்டிருந்தது, நம் ஊரில் இல்லாத குளிர் வேறு. கடைப் பையன்தான் சொன்னான், ஒரு வாரம் ராத்திரி ராத்திரி லோஷன் தடவிக்கொண்டு வா என்று. இரண்டாவது தடவை போனது. இரண்டு தடவையும் போகாவிட்டால் பேரை வைத்துத் தேடச் சொல்லிக் கேட்கலாமாம். உங்கள் ஆயா இங்கே இருந்தால் அந்த வழியில்தான் போயிருப்பார்.

முடிவு வருகிற வரை பள்ளிக்குள் கால் வைக்க விடவில்லை. ஏன் இவ்வளவு கறார் என்று ஆபீஸில் கேட்டேன். 1997இல் சாக்ரமென்டோ பக்கத்தில் ஒரு மேல்நிலைப்பள்ளியில், ரேகை முடிவு வருவதற்கு முன்னாலேயே தற்காலிகத் துப்புரவாளராக ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே சிறை போய் வந்த ஆள். அந்தப் பள்ளி மாணவியைக் கொன்றுவிட்டார். அந்தப் பெண்ணின் பேரிலேயே சட்டம் வந்தது, மிஷெல் மொன்டோயா சட்டம் என்று. அதிலிருந்து முடிவு வராமல் யாரும் உள்ளே போக முடியாது.

எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம். ஒருதடவை கொடுத்த ரேகை மாநிலத்திடம் இருக்கும். நாளைக்கே நான் கலிபோர்னியாவில் ஏதாவது வழக்கில் கைதானால் பள்ளிக்குத் தானாகத் தகவல் போய்விடும். நடுகல் சார் சொன்ன 22 வருடக் கேள்வி இங்கே எழாது.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? 26 வயது வரை நான் பாலக்கோட்டில் இருந்தவள். அங்கே நான் நல்லவளா, திருடியா என்று அந்தக் கண்ணாடிக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் நான் வழக்கில் சிக்கியிருக்கிறேனா என்று மட்டும்தான் அது சொன்னது. "க்ளியர்" என்று வந்ததைப் பார்த்து எனக்கே சிரிப்பு.

---

ஓசூர்_வேன் · மார்ச் 13, காலை 5.20

ரூட் எடுக்கப் போவதற்கு முன்னால் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். ஓசூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். எனக்கும் வெரிபிகேஷன் கேட்டிருக்கிறார்கள்.

2023 பிப்ரவரியில் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி இல்லை என்று ஹைவேயில் மறியல் நடந்ததே, அன்றைக்கு நிறைய பேரைப் பிடித்தார்கள். அதில் நானும் ஒருத்தன். கல்லை நான் தொடவே இல்லை, மாடு பார்க்கப் போனவன். வழக்கு இன்னும் நடக்கிறது. இது ரிப்போர்ட்டில் வருமா? வந்தால் வேலை போகுமா? இதுவரை பள்ளியில் சொல்லவில்லை. பெங்களூரில் நான்கு வருடம் ஓட்டினேன், அங்கே ஒரு கேஸும் இல்லை.

---

ரெண்டு_பிள்ளை_அப்பா · மார்ச் 13, காலை 7.02

கேஸ் இருக்கிறவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாரா? இதைத்தான் சொன்னேன்.

---

நடுகல் · மார்ச் 13, காலை 7.15

மாடு பார்க்கப் போனவரையும் பிள்ளையைத் தொட்டவனையும் ஒரே தட்டில் வைத்தால் எப்படி? உங்கள் ஊரில் மறியலுக்கே போகாத ஆள் எத்தனை பேர்?

---

ரெண்டு_பிள்ளை_அப்பா · மார்ச் 13, காலை 7.21

தண்ணிக்காக நானே உட்கார்ந்திருக்கிறேன். சரி, அவசரப்பட்டுவிட்டேன் அண்ணா, மன்னிச்சிடுங்க.

---

ஓய்வு_ரேகை · மார்ச் 13, காலை 9.40

@ஓசூர்_வேன் தம்பி, வரும். வழக்கு நிலுவையில் இருக்கிறது, இன்ன பிரிவு என்று அறிக்கையில் எழுதுவார்கள். வேலை கொடு, கொடுக்காதே என்று போலீஸ் சொல்லாது. அது நிர்வாகத்தின் முடிவு.

அதனால் நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள். முதல் தகவல் அறிக்கை நகல் இருந்தால் கூடவே கொண்டுபோங்கள். அரசு வேலைக்கு இதே மாதிரி விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016இல் அவ்தார் சிங் வழக்கில் தீர்ப்பு. சின்ன வயதில் கோஷம் போட்டது மாதிரி அற்பமான வழக்கு என்றால், மறைத்திருந்தாலும் அதிகாரி மன்னித்து விடலாம், கனமான வழக்கை மறைத்தால் வேலையை விட்டே எடுக்கலாம் என்று பிரித்துச் சொன்னார்கள். உங்களுடையது தனியார் பள்ளி, அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நீங்களே சொல்லித் தெரிவதற்கும் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தெரிவதற்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் எந்தத் தாளாளருக்கும் ஒன்றுதான்.

பெங்களூர் விஷயத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். ஓசூரில் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருந்துவிட்டு வந்தவர்கள். முகவரி ஒன்று, வேலை ஒன்று, ரேஷன் கார்டு ஒன்று. பேரை வைத்துத் தேடும்போது அங்கேதான் ஓட்டை. முனியப்பன் என்று போட்டால் எத்தனை முனியப்பன் வருவான் என்று நினைக்கிறீர்கள்? கன்னடத்தில் எழுதும்போது எழுத்து மாறும், அப்பா பேர் இனிஷியலாகப் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரேகை இருந்தால் நன்றாக இருக்கும் என்று நானே சொல்வேன். பேர் மாறலாம், விரல் மாறாது.

---

நடுகல் · மார்ச் 13, இரவு 8.05

அய்யா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரேகையோ பேரோ, பதிவில் இருப்பதைத்தான் காட்டும். புகாரே போகாதது எதில் வரும்?

பர்கூர் விஷயத்தையே எடுங்கள். அந்த ஆள் மற்ற பள்ளிகளிலும் முகாம் நடத்தியிருந்தது பிறகுதான் தெரிந்தது. மாணவி சொன்னதை வெளியே விடாமல் அமுக்கப் பார்த்தார்கள் என்றுதான் பள்ளிப் பொறுப்பில் இருந்தவர்களையும் கைது செய்தார்கள். போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை, நிறுவனத் தலைவர் தனக்குக் கீழே வேலை பார்க்கிறவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று இன்று கேட்டேன். 14 பேரில் மூன்று பேர். ஒருத்தர், "அதெல்லாம் ஹெச்.எம். பார்த்துப்பார் சார்" என்கிறார்.

பழைய பள்ளியில் தப்பு செய்தவரை என்ன செய்கிறார்கள்? ராஜினாமா வாங்கிக்கொண்டு, நன்னடத்தைச் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்கள். பள்ளிப் பேர் கெடக்கூடாது. அவர் 40 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளியில் சேர்கிறார். போலீஸ் ரிப்போர்ட்? பாதகமாக ஒன்றும் இல்லை. ரொம்ப வருடம் முன்னால் நான் தனியார் பள்ளியில் இருந்தபோது இப்படி ஒருவரை அனுப்பியதைப் பார்த்தேன். வழியனுப்பு விழாவில் சால்வை போட்டது நான்தான். விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, ஆனாலும் அந்தப் போட்டோவை இன்னும் அழிக்க முடியவில்லை.

---

பாலக்கோட்டுப்_பொண்ணு · மார்ச் 13, இரவு 11.50

சார்... இங்கேயும் அதே நோய் உண்டு. குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுகிற மாதிரி என்று எங்கள் பள்ளி அம்மா ஒருத்தர் சொன்னார்.

---

ஆபீஸ்_அக்கா · மார்ச் 14, இரவு 9.15

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஓய்வு_ரேகை அண்ணா சொன்னதை அப்படியே தாளாளரிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்போ அந்த 61 தாள்?" என்றார். அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், நம்மிடம் இருந்தால்தான் வம்பு என்றேன். கொடுத்துவிட்டேன். பிசிக்ஸ் சார் அங்கேயே கிழித்தார். ஆயா மட்டும் மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை.

விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டேன். தனி ஆளாகப் போட்டால் 500 ரூபாய், நிறுவனம் போட்டால் 1,000 என்று காட்டியது. நிர்வாகம், "அவங்கவங்களே போட்டுக்கட்டும், 500தானே" என்கிறது. ஆயாவின் சம்பளம் 6,500. கழுவுகிற அம்மாவுக்கு 5,000. இதைக் கேட்க ஆளில்லையா?

---

ஓய்வு_ரேகை · மார்ச் 14, இரவு 9.50

சட்டம் கடமையை நிறுவனத்தின் மேல்தான் வைக்கிறது, ஊழியர் மேல் இல்லை. "செலவைப் பள்ளியே ஏற்கிறது என்று நோட்டீஸில் போடலாம் சார், பெற்றோருக்குப் பிடிக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். நோட்டீஸ் என்றால் கேட்பார் போலிருக்கிறதே.

இன்னொரு வேலையும் சொல்கிறேன், முடிந்தால் செய்யுங்கள். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் கேட்டில் நில்லுங்கள். காலை ஏழு மணிக்கும், மூன்றரைக்கும், முக்கியமாகச் சனிக்கிழமையும். உள்ளே போகிற பெரியவர்களை எண்ணுங்கள். எங்கள் வேலையில் முதல் பாடம் அதுதான். ரேகை கிடைத்தாலும் யார் யாருடையதோடு ஒப்பிடுவது என்ற பட்டியல் இல்லாவிட்டால் சும்மா.

---

ஓசூர்_வேன் · மார்ச் 15, மாலை 6.30

சொல்லிவிட்டேன் அண்ணா. பிரின்சிபால் மேடம் எஃப்.ஐ.ஆர். நகலைப் படித்துவிட்டு, "அன்னைக்கு மாடு ஓடுச்சா இல்லையா?" என்று கேட்டார். ஓடியது மேடம், லேட்டா ஓடியது என்றேன். எழுதி வாங்கிக்கொண்டார். வேன் சாவி கையில்தான் இருக்கிறது.

---

மட்டுறுத்துநர் · மார்ச் 16, காலை 10.00

ஒரு பள்ளியின் பேரைக் குறிப்பிட்டு எழுதிய இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறோம். நேரடியாகத் தெரிந்த சம்பவம் என்றால் இங்கே எழுதாமல் 1098க்கு அழையுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணும் உண்டு.

---

ரெண்டு_பிள்ளை_அப்பா · மார்ச் 16, இரவு 9.33

கேட்டில் எண்ணுவது என்றதும் நானும் பிள்ளைகளிடம் கேட்டேன். "ஸ்கூலுக்குள்ள டெய்லி யாரெல்லாம் வருவாங்க?" பையன் சொன்னது: தண்ணி கேன் அண்ணா, பெயின்ட் அடிக்கிற தாத்தா, யோகா மிஸ், ஃபோட்டோ எடுக்கிற மாமா, வேன்ல கதவு திறக்கிற அண்ணா. டீச்சர்களை அவன் சொல்லவே இல்லை.

வேனில் கதவு திறக்கிற அண்ணனுக்கு எத்தனை வயது என்று கேட்டேன். பெண் சொன்னாள், "டென்த் ஃபெயில்ப்பா, போன மாசம்தான் வந்தான், முன்னாடி இருந்தவன் திருப்பூர் போயிட்டான்."

பள்ளிக்கு ஃபோன் போட்டேன். கிளீனர் டிரைவர் வைத்துக்கொள்கிற ஆள், தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

---

பாலக்கோட்டுப்_பொண்ணு · மார்ச் 17, காலை 7.10

இங்கே ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்பினாலும் பிள்ளைகளோடு தனியாக இருக்க வாய்ப்பிருந்தால் அந்த ஆளுக்கும் ரேகை வேண்டும். குழாய் ரிப்பேர் மாதிரி வந்து போகிறவர் என்றால் பள்ளி ஆள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். நானே ஒருநாள் ஜன்னல் மாற்றுகிறவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். பாவம், அவருக்குத்தான் சங்கடம். எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

---

ஆபீஸ்_அக்கா · ஏப்ரல் 19, இரவு 10.20

ஒரு மாதம் கழித்து வருகிறேன். பரீட்சை, ஃபீஸ், டி.சி. என்று மூச்சுவிட நேரமில்லை.

முதலில் நல்ல செய்தி. செலவைப் பள்ளி ஏற்றுக்கொண்டது, நோட்டீஸிலும் போட்டாச்சு. 61 பேரில் 58 பேருக்கு அறிக்கை வந்துவிட்டது. ஒரு டிரைவருக்கு ஹெல்மெட் இல்லாத அபராதமெல்லாம் வருமா என்று தூக்கமே இல்லை, ஒன்றும் வரவில்லை. ஆயாவுக்கு வந்ததுதான் முதல் அறிக்கை. சீசன் முடிந்து புளி வேலையும் முடிந்தது. போன வாரம் ரேஷன் கடையில் கட்டைவிரல் விழுந்துவிட்டது என்று எனக்கு அதிரசம் கொண்டுவந்தார்.

கேட் விஷயம். அண்ணா சொன்னபடி வாட்ச்மேன் பக்கத்தில் நாற்காலி போட்டு ஆறு நாள் உட்கார்ந்தேன். தாளாளர் வெளியூர் போயிருந்த வாரம், அதுவும் நல்லதாகப் போயிற்று. 61 என்று நான் நினைத்திருந்த இடத்தில் 83 பேர் வந்து போகிறார்கள். நான்கு வேன் கிளீனர்கள், அதில் இரண்டு பேருக்கு மீசையே முளைக்கவில்லை. சமையலுக்கு உதவிக்கு வருகிற அக்காவின் மகன். சனிக்கிழமை கராத்தே மாஸ்டர், அவரோடு இரண்டு "சீனியர்கள்". டான்ஸ் மாஸ்டர், கட்டட வேலையாட்கள், கேன்டீன் எடுத்தவரின் தம்பி. எல்லார் பேரையும் நோட்டில் எழுதி, எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தப் பக்கம் போனார் என்று குறித்தேன். கராத்தே மாஸ்டரிடம் ஆதார் நகல் கேட்டதும் அடுத்த வாரம் தருகிறேன் என்றார். அந்த அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், 500 ரூபாய்க்குக் கோபித்துக்கொண்டும் போயிருக்கலாம். தெரியாது. வேறு மாஸ்டர் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், மிஸ் கிடைத்தால் நல்லது.

நேற்று பட்டியலைத் தாளாளர் மேஜையில் வைத்தேன். ஒவ்வொரு பேராகப் பேனாவால் தட்டிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"84ன்னு போட்டிருக்கே. 83ன்னுதானே சொன்னே?"

84ஆவது பேர் அவர் மைத்துனருடையது. எந்தப் பதிவேட்டிலும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் வருவார். "மோட்டார் பார்க்கணும்" என்று விடுதிப் பக்கம் போவார். வாட்ச்மேன் எழுந்து நின்று கேட்டைத் திறப்பார், யார் என்று கேட்கமாட்டார்.

"கேட்டுல வர்ற எல்லாரையும் எழுதினேன் சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, அவன்கிட்டயும் வாங்கிக்கோ" என்றார்.

மூன்று தடவை ஃபோன் செய்துவிட்டேன். அவர் ஆதார் நகல் இன்னும் வரவில்லை.